பன்னிரண்டு பக்கச் சொனாட்டா

தாள் நகலெடுக்கும் காப்பி எந்திரத்தின் மூடியை லீஜூ முழுக்க மூடுவதில்லை. இடது உள்ளங்கையால் புத்தகத்தின் முதுகை அழுத்திக்கொண்டு வலது கட்டைவிரலால் பொத்தானைத் தட்டுவாள். பச்சை வெளிச்சம் அவள் மோவாய்க்குக் கீழே ஒருமுறை போய்த் திரும்பும். அடுத்த பக்கத்தைப் புரட்டுவதற்குள், வந்து விழுந்த தாளை வாசித்து முடித்திருப்பாள். "இது பழைய ஆளு. மை குடிக்கிறான்," என்பாள், அட்டையில் யார் பெயர் இருக்கிறதென்று பார்க்காமலே.

மேற்கத்திய இசையின் நானூறு ஆண்டு வரலாற்றை அவள் முதலில் கற்றுக்கொண்டது மைச்செலவை வைத்துத்தான். பழைய தேவாலயக்காரர்கள் ஒரு அங்குலம் வெள்ளை விடமாட்டார்கள். நாலு குரலும் நாலு திசையில் ஓடும், தாள் கறுத்துப்போகும். அவர்களுக்கு அடுத்து வந்தவர்கள் நாகரிகமானவர்கள். இடது கை பாட்டுக்குத் துணையாக டொக் டொக்கென்று நடக்கும், நடுவில் காற்றோட்டம் இருக்கும். அவர்களுடைய பேரப்பிள்ளை காலத்தில் மறுபடி கறுப்பு. ஆனால் இது அழுது கொட்டுகிற கறுப்பு. கடைசியாக நம் காலத்துக்கு வந்தால், பக்கத்துக்கு மூன்றே சுரம், மிச்சமெல்லாம் வெறும் தாள். ஒரு மாணவி அப்படியொரு இசைத்தாளைக் கொண்டுவந்தபோது, "இந்த வெத்துத் தாளுக்கும் காப்பிக் காசு வாங்கிக்கிட்டா எனக்குப் பாவம் வந்து சேரும்," என்று லீஜூ சொன்னாள். வாங்காமல் விடவில்லை.

தைனான் நகர இசைக் கல்லூரியின் பின்வாசல் சந்தில் அவள் கடை. இரண்டு எந்திரங்கள். இரண்டின் தலையிலும் பச்சை நிறப் பையில் சோளப்பொரி உட்கார்ந்திருக்கும். எந்திரம் மக்கர் பண்ணாமல் இருப்பதற்கு அந்த ஊரில் செய்கிற சடங்கு அது. பச்சைப் பையாகவே இருக்க வேண்டும், தேதி கடந்ததாக இருக்கக் கூடாது. மாதம் பிறந்தால் தேதியைப் பார்த்து மாற்றிவிடுவாள். அவளுக்கு வயது ஐம்பத்து மூன்று. இருந்தாலும் பதினெட்டு வயசுப் பிள்ளைகளெல்லாம் அவளை அக்கா என்றுதான் கூப்பிட வேண்டும். அத்தை என்று யாராவது சொல்லிவிட்டால் அவர்கள் தாள் வரிசையின் கடைசிக்குப் போய்விடும்.

தொழிலில் அவளுக்கு இரண்டு பெருமைகள் உண்டு. முதலாவது, ஓரத்தை வெட்டுவது. "வெள்ளை ஓரத்தைக் காப்பி எடுத்து வெச்சு என்ன பண்ணப் போற? அதை வெட்டிட்டு உள்ள இருக்கறதைப் பெருசாக்கித் தர்றேன், கண்ணு நல்லாருக்கும்," என்பாள். அவளிடம் எடுத்த தாளில் சுரங்கள் கொண்டைக்கடலை அளவுக்கு இருக்கும். பக்க எண் இருக்காது, அது ஓரத்தோடு போய்விடும். இரண்டாவது, மழைக்காலக் கை. மே கடைசியிலிருந்து ஜூன் வரை விடாமல் தூறுகிற மாதத்தில் காகிதம் ஈரம் குடித்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். லீஜூ மூலையை நகத்தால் ஒரு சுண்டு சுண்டி, உதட்டைக் குவித்து ஊதித்தான் புரட்டுவாள். மற்ற கடைக்காரர்கள் ஊதுவதில்லை. அது அவர்கள் தலையெழுத்து என்பது அவள் கட்சி.

அவள் படித்தது தட்டெழுத்துப் பள்ளி. இசைக்கும் அவளுக்கும் காது வழியே அறிமுகம் கிடையாது. பத்தொன்பது வருஷத்துக்கு முன் கடையை எடுத்தபோது, திருத்திய வீட்டுப்பாடங்கள் காப்பிக்கு வரும். எல்லாவற்றிலும் சிவப்பு மையில் சாய்வாக இரண்டு கோடுகள், எப்போதும் ஜோடியாக. என்ன குற்றத்துக்கு இந்தத் தண்டனை என்று தெரியாமல் அவளுக்குப் பொறுக்கவில்லை. மூன்று மாதம் பார்த்துப் பார்த்து அவளே கண்டுபிடித்தாள். இரண்டு குரல்கள் ஐந்து சுர இடைவெளியில் கைகோத்துக்கொண்டு ஒரே திசையில் நகர்ந்தால் வாத்தியாருக்கு ஆகாது. கண்டுபிடித்த அன்று சந்தோஷத்தில் ஒருவனுக்கு நாற்பது பக்கத்தைத் தலைகீழாக எடுத்துக் கொடுத்துவிட்டாள்.

அன்றிலிருந்து திருத்தாத வீட்டுப்பாடம் வந்தால் பென்சிலால் ஓரத்தில் கடுகளவு ஒரு புள்ளி வைப்பாள். "இங்க ஒருதரம் பாத்துக்க," என்பதோடு சரி, வேறு விளக்கம் கிடையாது. விஷயம் பரவி, ஒரே ஒரு பக்கத்தைக் காப்பி எடுக்க வந்து காத்து நிற்கிற பிள்ளைகள் அதிகமானார்கள். காப்பி அவர்களுக்கு வேண்டாம், புள்ளிதான் வேண்டும் என்பது லீஜூவுக்கும் தெரியும்.

அடுத்தவர் தாளில் தனக்கென்று ஒரு பிரதி கூடுதலாக எடுத்துக்கொள்ளும் வழக்கம் அவளிடம் கிடையாது. அதைத் திருட்டு என்றே சொல்வாள். அவளுடைய நூலகம் வேறு வகையில் சேர்ந்தது. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு துண்டுச் சீட்டு உண்டு: கொடுத்தவர் பெயர், தேதி, எத்தனை பிரதி. எடுத்த தாள்களைச் சீட்டோடு கவ்வி மாட்டிக் கல்லாவுக்கு முன்னால் உள்ள தட்டில் வைப்பாள். வெளிப்பக்கம் நின்று அவரவர் பெயரைத் தேடி எடுத்துக்கொள்ளலாம். சிலர் வரமாட்டார்கள். படிப்பை விட்டிருப்பார்கள், காதலில் விழுந்திருப்பார்கள். ஒரு வருஷம் தட்டில் கிடக்கும். அப்புறம் அது லீஜூவுடையது. அப்படி வந்துசேர்ந்த ஹார்மனி பாடநூல்கள் மூன்று, சிம்பொனிகள், மேளக்காரர் ஒருவர் கைப்பட எழுதிய கோயில் ஊர்வலத் தாளக்கட்டு, எல்லாம் பின்னறை அலமாரியில், திரும்பி வராத சொந்தக்காரர்களின் பெயரோடு இருக்கின்றன. யாரோ விட்டுப்போன நாலடி விசைப்பலகை ஒன்றும் உண்டு. அதில்தான் ஒவ்வொரு சுரமாகத் தட்டிப் பார்ப்பாள்.

சாயங்காலம் குப்பை வண்டி பாட்டுப் போட்டுக்கொண்டு வரும். சந்து முழுவதும் பையைத் தூக்கிக்கொண்டு ஓடும். லீஜூவும் ஓடுவாள், ஆனால் வண்டி கிளம்பும்வரை நின்று கேட்பாள். "பாரு, இன்னிக்கும் முடிக்காமப் போறான். முடிப்புக்கு ரெண்டே சுரக்கூட்டு பாக்கி. என்ன அவசரமோ," என்று குறைப்படுவாள்.

"குப்பையப் போட்டமா வந்தமான்னு இருடி. உனக்கு மட்டும்தான் குப்பை வண்டியில குத்தம் தெரியும்," என்பாள் சுன்ஜி.

சுன்ஜிக்குப் பக்கத்துக் கடை. காலையில் முட்டை அடையும் முள்ளங்கிப் பணியாரமும் சோயாப் பாலும். பதினோரு மணிக்கு அடுப்பை அணைத்துவிடுவாள். ஞாயிற்றுக்கிழமை தெருமுனைத் தேவாலயத்தில் அவள்தான் பியானோ. தாளைப் பார்த்தால் வாசித்துவிடுவாள். அதில் என்ன இருக்கிறதென்று கேட்டால் "எனக்கு எதுக்கு அதெல்லாம்" என்பாள். லீஜூவுக்கு உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியும், வாசிக்க விரல் வராது. இப்படி இரண்டு பேரும் சேர்ந்து ஒரு முழு ஆள்.

லீஜூவின் அலமாரியில் அவளுக்கு உயிரான ஒன்று உண்டு. பதினேழு வருஷத்துக்கு முன் லுவோ போயூ என்கிற மாணவன் காப்பிக்குக் கொடுத்துவிட்டு வராமலே போன ஒரு பியானோ சொனாட்டா. பன்னிரண்டு பக்கம். எழுதியவர் வெக்கர்லிங் என்கிற ஒரு ஜெர்மன் தேவாலயத்து வாத்தியக்காரர். நாகரிகக்காரர்களின் காலத்தவர்; எந்தப் பாடத்திலும் வராதவர், யாரும் இசைத்தட்டு போடாதவர். ஆரம்பத்தில் எல்லாரையும் போலத்தான் ஒழுங்காக நடக்கிறார். ஆறாம் பக்கத்தின் அடியில் சி மேஜர் சுரவரிசையில் நிற்கிறார், மேலே ஒற்றை 'டோ' சுரம். ஏழாம் பக்கத்தைத் திருப்பினால், அதே 'டோ' அப்படியே நிற்க, கீழே தரை முழுக்க மாறி ஏ ஃபிளாட் மேஜர். நடுவில் ஒரு வார்த்தை சமாதானம் கிடையாது. அப்படித் தாவுவதற்கு உலகத்துக்கு இன்னும் ஐம்பது வருஷம் தேவைப்பட்டது என்பது லீஜூவுக்குத் தெரியும். இந்த மனிதர் யாருக்கும் தெரியாத ஊரில் உட்கார்ந்துகொண்டு அதைச் செய்திருக்கிறார். வழிபாடு முடிந்து கூட்டம் கலைந்ததும் சுன்ஜியை வாசிக்கச் சொல்லி, அந்த இடம் வரும்போது லீஜூ முன்பெஞ்சைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வாள்.

இந்த வருஷம் கல்லூரி முதல் தடவையாக வெளியாட்களுக்கு ஒரு வகுப்பு அறிவித்தது. செவ்வாய்தோறும் மாலை ஆறு மணி, இசைக் கோட்பாடும் இசைப்படைப்புகளை ஆராய்வதும். எட்டே இடம். சான்றிதழ் கேட்கவில்லை. ஏதாவது ஒரு படைப்பை ஆராய்ந்து கட்டுரை கொடுக்க வேண்டும், பிறகு நேரில் வந்து பதில் சொல்ல வேண்டும். அறிவிப்பை ஐம்பது பிரதி எடுக்க அலுவலகம் அனுப்பியதே லீஜூவின் கடைக்குத்தான். முதல் தாள் வந்து விழுந்ததும் எந்திரத்தை நிறுத்திவிட்டு வாசித்தாள். பத்தொன்பது வருஷம் அந்தப் பின்வாசலை அவள் பொட்டலம் கொடுக்க மட்டுமே தாண்டியிருக்கிறாள். அந்த எட்டில் ஒன்று தனக்கு வேண்டும் என்று அவளுக்கு ஆசை வந்தது. வெளியில் சொல்லவில்லை, சுன்ஜியிடம் மட்டும் சொன்னாள்.

"போடி, போ. உன் புள்ளி வாங்கின பசங்கள்ல பாதிப் பேரு இப்ப வாத்தியாரு," என்றாள் சுன்ஜி.

பதினொரு பக்கக் கட்டுரை. அதில் நாலு பக்கம் அந்தத் தாவலுக்கு மட்டும். 'தன் காலத்துக்கு ஐம்பது ஆண்டுகள் முன்னால் நின்ற மனிதர்' என்று தலைப்பே வைத்தாள். ஏப்ரலில் கொடுத்தாயிற்று. ஜூன் மாதம் கடிதம் வந்தது: வெள்ளிக்கிழமை நேர்காணல், அச்சிட்ட மூலப் புத்தகத்தோடு வரவும், காப்பித் தாள்கள் ஏற்கப்படமாட்டா. கடைசி வரியைப் படித்து சுன்ஜி விழுந்து விழுந்து சிரித்தாள்.

செவ்வாய்க்கிழமை கல்லூரி நூலகத்தில் சொல்லி வைத்துப் புத்தகத்தை எடுத்துவந்தாள். அட்டை மூலையில் இருந்த கிழிசலைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. அன்று போயூ கொண்டுவந்த அதே புத்தகம். வெளியே மழை நசநசத்துக்கொண்டிருந்தது. கடையில் ஆள் இல்லை. கல்லாவில் வைத்து ஒவ்வொரு பக்கமாக, தெரிந்தவர் முகத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு போனாள். அந்த 'டோ' நின்ற பக்கம் வந்தது. புரட்டினாள், தாவல் வந்தது. எல்லாம் சரியாக இருந்தது. இருந்தாலும் கை பழக்கத்தை விடவில்லை. மூலையை நகத்தால் சுண்டி, உதட்டைக் குவித்து ஊதினாள்.

தாள் இரண்டாகப் பிரிந்தது.

நடுவில் இரண்டு பக்கங்கள் இருந்தன. மேலே ஓரத்தில் எட்டு, ஒன்பது என்று தெளிவாக அச்சாகியிருந்தது. ஓரம் வெட்டாத புத்தகத்தில் எல்லாப் பக்கத்துக்கும் எண் இருந்தது. அட்டையின் உள்பக்கமும் ஒரு பக்கமாகக் கணக்கில் சேர்ந்ததால் அவளுடைய ஆறாம் பக்கத்துக்கு இங்கே ஏழு. இசை மொத்தம் பதினாலு பக்கம். லீஜூ நின்றபடியே அந்த இரண்டையும் வாசித்தாள். சி மேஜரிலிருந்து கிளம்பி, எஃப் மேஜர் வீட்டுக் கதவைத் தட்டி, கொஞ்சம் உட்கார்ந்து, எஃப் மைனருக்கு மெல்ல முகம் வாடி, அங்கிருந்து ஏ ஃபிளாட்டுக்கு முறையாக அனுமதி வாங்கிக்கொண்டு போகிறார் வெக்கர்லிங். முப்பத்தாறு தாளக் கட்டங்கள். அவர் காலத்து மனிதர்கள் எல்லாரும் செய்தது, செய்யத் தெரிந்தது.

பின்னறைக்குப் போய்ப் போயூவின் துண்டுச் சீட்டை எடுத்துப் பார்த்தாள். ஜூன் ஒன்பது. அவள் கடைக்கு வந்த இரண்டாவது மழைக்காலம். ஊதுகிற பழக்கம் இன்னும் வராத வருஷம். திரும்பி வந்து எந்திரத்தின் மேலிருந்த பச்சைப் பையின் தேதியைப் பார்த்தாள். செப்டம்பர் வரை இருந்தது. எந்திரத்தின் மேல் பழி போட வழியில்லை.

சுன்ஜி கையைத் துடைத்துக்கொண்டு வந்து இரண்டு பக்கத்தையும் பார்த்தாள்.

"அதானா விஷயம். அந்த எடம் வந்தா எப்பவும் என் கை தடுமாறும். வயசாயிடுச்சுன்னு நெனச்சுட்டு இருந்தேன்."

"தடுமாறுச்சுன்னா சொல்ல வேண்டியதுதானே."

"நீ பெஞ்சப் புடிச்சுக்கிட்டு மூச்சு விடாம உக்காந்திருப்ப. உன்கிட்ட எப்படிடி சொல்றது?" சுன்ஜி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "சரி, இப்ப என்ன கெட்டுப்போச்சு? இந்த ஆளை யாருக்கும் தெரியாதுன்னு நீயேதான சொன்ன? வாயத் தெறக்காத. புத்தகத்த மேசைமேல வெச்சுட்டு, கேட்டதுக்கு பதில் சொல்லிட்டு வா. அங்க எவன் பக்கம் பக்கமா எண்ணப் போறான்?"

"எண்ணலைன்னா அவங்க என்ன வாத்தியாரு?"

"எண்ணிட்டா?"

லீஜூ புத்தகத்தை மூடி வைத்தாள். கட்டுரையைத் திருப்பி வாங்க முடியாது, விதியில் இல்லை. போகாமல் இருந்துவிடலாம். அடுத்த வகுப்பு எப்போது வரும், வருமா என்று யாருக்கும் தெரியாது. சுன்ஜி போன பிறகு கடைக்குள் மறுபடி மழைச்சத்தம் மட்டும் இருந்தது. இடம் போகப்போகிறதே என்பதைவிட அவளுக்கு வேறொன்று வலித்தது. பதினேழு வருஷம் மனசில் பெரிய ஆளாக உட்கார்த்தி வைத்திருந்த ஒருவர், அட, சாதாரண ஆள்தானா என்று ஆகிவிட்டார். அவர் எந்தத் தப்பும் செய்யவில்லை. அதனால் கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை. வாய்விட்டு அழுதாள், கொஞ்ச நேரம். பிறகு ஒரு பையன் குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்ததால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எட்டுப் பக்கம் இருபுறமும் எடுத்துக் கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை அவள் இரண்டையும் எடுத்துக்கொண்டு போனாள். மேசைக்கு அந்தப் பக்கம் பாங் டீச்சரும், பேசாத ஒரு வயதான பேராசிரியரும். பாங் டீச்சருக்கு நாற்பது வயதிருக்கும். லீஜூ வைத்த புள்ளியைப் பார்த்துத் திருத்திக்கொண்ட பழைய மாணவி அல்ல, வெளியூர்க்காரி. லீஜூ புத்தகத்தை அவர் முன்னாலும், தன் பன்னிரண்டு பக்கத்தை அதற்குப் பக்கத்திலும் வைத்தாள்.

"டீச்சர், அவர் எழுதினது இது. நான் கட்டுரை எழுதினது இதைப் பத்தி. நடுவுல ரெண்டு பக்கம் என் கையால விட்டுப்போச்சு. செவ்வாய்க்கிழமைதான் பாத்தேன்."

பாங் டீச்சர் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பேராசிரியர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கட்டுரையின் தலைப்பை மறுபடி வாசித்தார். அவர் உதடு லேசாகத் துடித்தது.

"பதினேழு வருஷத்துல ஒருநாள்கூடச் சந்தேகம் வரலையா உங்களுக்கு?" என்று கேட்டார் பாங் டீச்சர்.

"வந்துச்சு. மொத வருஷம் பூரா வந்துச்சு. அந்தக் காலத்துல யாரும் இப்படி எழுத மாட்டாங்களேன்னு. அப்புறம் ரெண்டு பக்கத்துலயும் அந்த ஒரு 'டோ' நிக்கறதப் பாத்தேன். அதையே காரணமா வெச்சுக்கிட்டேன். சந்தேகத்த விட்டுட்டேன்."

"தாளை எண்ணலையே, அது?"

"அது தொழில்ல தப்பு. சந்தேகத்த விட்டதுதான் படிப்புல தப்பு. ரெண்டுல எனக்கு இது பெருசாத் தெரியுது."

பாங் டீச்சர் குறிப்பெடுத்துக்கொண்டார். "இப்ப எல்லாப் பக்கமும் இருக்கு. எப்படி இருக்கார் உங்க வெக்கர்லிங்?"

லீஜூ புத்தகத்தில் எட்டாம் பக்கத்தைத் திருப்பி வைத்தாள். "அந்த எட்டாம் ஒன்பதாம் பக்கம் சுமார்தான், டீச்சர். எஃப் மேஜர்ல தேவைக்கு அதிகமா உக்காந்துட்டார். ஆனா மைனருக்குத் திரும்பற எடத்துல இடது கைய நிறுத்திட்டு மேல ஒரே குரலை விடறார், அது அழகு. அவர் அவர் காலத்து ஆளுதான். ஐம்பது வருஷம் முன்னாடி போனது நான். மழையும் நானும்."

பேராசிரியர் அப்போதுதான் முதல் தடவையாக வாயைத் திறந்தார். "இல்லாத ஒரு படைப்பைச் சரியா ஆராய்ஞ்சிருக்கீங்கம்மா," என்றார். அது பாராட்டா இல்லையா என்று அவர் முகத்தில் தெரியவில்லை. போகலாம் என்று தலையசைத்தார்கள். வெளியே வந்து லீஜூ குடையை அங்கேயே மறந்துவிட்டுக் கடைவரை நனைந்துகொண்டு வந்தாள்.

அதற்குப் பின் அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. சுன்ஜி கேட்டுப் பார்த்து விட்டுவிட்டாள். ஒரு மாற்றம் மட்டும் சந்தில் எல்லார் கண்ணிலும் பட்டது. ஓரம் வெட்டுவதை லீஜூ நிறுத்திவிட்டாள். "அக்கா, எழுத்துப் பொடியா இருக்கே," என்று பிள்ளைகள் கேட்டால், "எண்ணைப் பாரு, எண்ணைப் பாரு," என்பாள். எட்டாம் ஒன்பதாம் பக்கத்தை ஓரத்தோடு எடுத்து, போயூவின் சொனாட்டாவில் அதனதன் இடத்தில் சொருகினாள். சுன்ஜி ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதாக வாசித்துக் காட்டினாள். அவள் கை தடுமாறவில்லை. லீஜூ பெஞ்சைப் பிடிக்கவில்லை, கையைக் கட்டிக்கொண்டு கேட்டாள். மைனருக்குத் திரும்புகிற இடத்தில் மட்டும், "இங்க கொஞ்சம் நின்னு போ," என்றாள்.

ஆகஸ்டு கடைசியில் கல்லூரி அலுவலகத்திலிருந்து ஒரு உறை வந்தது. செவ்வாய் மாலை வகுப்புக்கு முதல் நாள் பாடம், ஒன்பது பக்கம், எட்டுப் பிரதி. கூடவே பெயர்ப்பட்டியல், பெயருக்கு ஒரு சீட்டு எழுதித் தட்டில் வைத்துவிடவும், அவரவர் வந்து எடுத்துக்கொள்வார்கள் என்று குறிப்பு. ஏழு பெயர்கள் தெரியாதவை. நாலாவதாக இருந்த பெயரை லீஜூ இரண்டு தடவை வாசித்தாள். பிறகு பொத்தானைத் தட்டி, எட்டுப் பிரதியும் எடுத்து, எட்டுச் சீட்டும் எழுதி, கவ்வி மாட்டி வரிசையாக அடுக்கினாள். நாலாவது நாலாவதாகவே இருந்தது.

செவ்வாய்க்கிழமை ஐந்தே முக்கால் வரை ஏழு பேர் வந்து எடுத்துப் போனார்கள். தட்டில் ஒன்று மிச்சம் இருந்தது. சுன்ஜி எட்டிப் பார்த்து, "கைக்கெட்டற தூரத்துல வெச்சுக்கிட்டு எதுக்குடி காத்திருக்க?" என்றாள். லீஜூ எந்திரங்களை அணைத்தாள், மேலங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டினாள், கல்லாவைச் சுற்றிக்கொண்டு வெளிப்பக்கம் வந்து நின்றாள். தட்டிலிருந்த கட்டை எடுத்தாள். கடைக்காரியை நம்பாத வாடிக்கையாளரைப்போல, மூலையை நகத்தால் சுண்டி, ஒவ்வொரு தாளாக ஊதி, ஒன்றிலிருந்து ஒன்பது வரை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் கையில் எடுத்துக்கொண்டாள்.